பெட்டிக்கு வார்னிஷ், கண்ணாடிக்கு வெந்நீர்

கோயம்புத்தூரில் இன்றைக்கு ஒரு பழைய மரக் கேமராவைப் பார்க்க ஆசைப்பட்டால் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய்ப் பயனில்லை. காபிக் கடைக்குப் போகலாம். பெரிய கல்யாண மண்டபத்தின் வாசலுக்குப் போகலாம். மலையடிவாரத்தில் ஏதாவது ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறைக்குப் போகலாம். தேக்குப் பெட்டி, தோல் துருத்தி, பளபளவென்று தேய்த்த பித்தளை லென்ஸ், மூன்று கால் ஸ்டாண்டு. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள வசதியாக மேலே ஒரு மஞ்சள் பல்பு. கொஞ்சம் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பிம்பம் விழ வேண்டிய கண்ணாடி இருக்காது. பிளேட் மாட்டும் ஸ்லைடு இருக்காது. முகத்துக்குப் பவுடர் போட்டு, முதுகைக் கழற்றிவிட்ட ஒரு ஜந்து மாதிரி அது நின்றுகொண்டிருக்கும்.

இப்படி ஒன்றைக் காணும்போதெல்லாம் உரிமையாளரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "இதுல எடுத்த பிளேட்டெல்லாம் எங்கங்க?" விலை சொல்வார்கள், இங்கிலாந்து கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள், வயசு நூறு என்பார்கள், நூற்றைம்பது என்பார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு தடவைகூட எனக்குப் பதில் கிடைத்ததில்லை. பல பேருக்கு அப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்பதே புதிது.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பக்கம் மரக் கேமரா சேகரிப்பு என்ற பெயரில் நடப்பது பாதுகாப்பு இல்லை. ஸ்டூடியோக்களின் அழிவில் அது கடைசிக் கட்டம். பெட்டிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதாலேயே பெட்டி தனியாகவும், கண்ணாடி தனியாகவும், நோட்டு தனியாகவும் பிரிகின்றன. பெட்டி ஷோகேஸுக்குப் போகிறது. மற்ற இரண்டும் குப்பைக்குப் போகின்றன. பழமையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு நாம் செய்கிற காரியம் இதுதான்.

* * *

இந்தக் கேமராவைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடலாம். என் வாதம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

முன்பலகையில் லென்ஸ். பின்பலகையில் சொரசொரப்பாகத் தேய்த்த ஒரு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் ஆர்மோனியத்தில் இருப்பது மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி. போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தால், தேய்த்த கண்ணாடியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகத் தெரிவார். பலகையை முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மை பிடிப்பார். பிறகு லென்ஸுக்கு மூடி போட்டுவிட்டு, தேய்த்த கண்ணாடி இருந்த இடத்தில் ஸ்லைடைச் செருகுவார். அதற்குள்ளே வெளிச்சமே படாத பிளேட் இருக்கும். ஸ்லைடின் பலகையை மேலே இழுத்து, மூடியைக் கழற்றி, "ஆடாதீங்க" என்று சொல்லி, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணி, மறுபடி மூடியைப் போட்டால் வேலை முடிந்தது. அப்புறம் டார்க் ரூமில் சிவப்பு விளக்கு, டெவலப்பர், ஹைப்போ, தண்ணீர்.

பிளேட் என்பது ஒரு பக்கம் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய கண்ணாடிச் சில்லு. 1871இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த உலர் பிளேட்டுக்கு வழிகாட்டினார். அதற்கு முன்பு படம் எடுக்கிற இடத்திலேயே கண்ணாடியில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். டார்க் ரூமையே கூடாரமாகக் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். உலர் பிளேட் வந்து, கடையில் பெட்டியாக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகுதான் சின்ன ஊர்களில் ஸ்டூடியோ வைத்துப் பிழைக்க முடிந்தது. ஃபுல் பிளேட் என்றால் எட்டரைக்கு ஆறரை அங்குலம். ஹாஃப் பிளேட் ஆறரைக்கு நாலே முக்கால். நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோர் ஹாஃப் பிளேட்டில்தான் உட்கார்ந்தார்கள்.

இப்போது யோசியுங்கள். இந்த ஏற்பாட்டில் எதற்கு ஞாபகம் இருக்கிறது? பெட்டிக்கு இல்லை. பத்தாயிரம் பேர் அதன் எதிரே உட்கார்ந்து எழுந்து போயிருக்கலாம், ஒரு முகமும் அதில் ஒட்டவில்லை. ஒரே மாதிரிப் பெட்டிகளைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். ஒன்று போனால் லண்டனிலோ கொல்கத்தாவிலோ அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும். பிளேட் அப்படி இல்லை. உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். கைதவறி விழுந்தால் அந்த மனுசி திரும்பவும் இல்லாமல் போகிறாள்.

அச்சில் இல்லாததும் பிளேட்டில் இருக்கிறது. கஸ்டமருக்குக் கொடுத்த படத்தில் ஓரங்களை வெட்டியிருப்பார்கள். பிளேட்டில் முழு அறையும் இருக்கும். அரண்மனைத் தூண் வரைந்த திரைச்சீலை எங்கே முடிகிறது, அதற்குப் பின்னால் காரை பெயர்ந்த சுவர் எப்படி இருக்கிறது, திரையை இழுத்துப் பிடித்தபடி நிற்கும் எடுபிடிப் பையனின் பாதி முகம், ஸ்டூடியோக்காரரே கொடுத்த, அளவு சேராத கோட்டு, எல்லாம் இருக்கும். சாய்த்துப் பார்த்தால் ஜெலட்டின் பக்கத்தில் பென்சில் கோடுகள் தெரியும். அம்மைத் தழும்பை மறைக்க, கண்ணுக்குக் கீழே கறுப்பைக் குறைக்க, ரீடச்சிங் செய்தவர் உட்கார்ந்து தீட்டியவை. ஒரு ஊர் தன்னை எப்படிப் பார்க்க விரும்பியது, உண்மையில் எப்படி இருந்தது, இரண்டுமே அந்த ஒரு சில்லுக் கண்ணாடியில் பதிந்திருக்கின்றன.

இதைக் கழுவிவிட்டுப் பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கிறோம்.

* * *

எப்படிக் கழுவினார்கள் என்று கேட்டால், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஜெலட்டின் வெந்நீரில் ஊறினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மிஞ்சுவது சுத்தமான, மெல்லிய, நல்ல கண்ணாடி. சாமி படத்துக்கு ஃபிரேம் போடலாம், சன்னல் சட்டத்துக்கு வைக்கலாம். இடம் அடைக்கிறதே என்று ஸ்டூடியோக்காரர்களே வருசா வருசம் கழுவி விற்றதும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர்களுக்கு அது தொழில். குடோன் வாடகை அவர்கள் கையைக் கடித்தது. பழைய பிளேட்டுக்கு யாரும் மறுபிரதி கேட்டு வராதபோது அதை ஏன் வைத்திருக்க வேண்டும்?

நான் குறை சொல்வது அதற்குப் பிறகு வந்தவர்களை. ஸ்டூடியோவை மூடியாகிவிட்டது, அப்பா போய்விட்டார், பரண் மேலே இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்கிற நிலைமையில் வாசலுக்கு வந்து நிற்பவர்களை. கோபி, தாராபுரம், பொள்ளாச்சி, காங்கேயம், அந்தியூர் என்று மூடிப்போன ஸ்டூடியோக் குடும்பங்களைத் தேடிச் சில வருசங்களாக அலைந்துகொண்டிருக்கிறேன். கேட்ட கதையே திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வீட்டில் எழுபது தாண்டிய ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பொட்டிய வாங்க ஆறேழு பேரு வந்துட்டுப் போனாங்க தம்பி. கார்லயே வந்தாங்க. இந்தக் கண்ணாடிய ஒருத்தருங் கேக்கலீங்களே. கடைசியா வாங்கிட்டுப் போனவருகிட்ட நானே சொன்னனுங்க, இதையுஞ் சேத்து எடுத்துக்குங்க, காசு வேண்டாமுன்னு. அதெல்லாம் வெயிட்டுங்க, ஒடஞ்சு கார் சீட்டெல்லாம் கிழிஞ்சு போயிருமுன்னுட்டாரு."

வெயிட்டு என்னவோ உண்மைதான். ஒரு ஹாஃப் பிளேட் கண்ணாடி சுமாராக எழுபது எண்பது கிராம் வரும். ஆயிரம் பிளேட் என்றால் ஒரு மூட்டை சிமென்டைவிட அதிகம். ஒரு ஊரின் முப்பது வருச முகங்கள், ஒரு மூட்டை சிமென்டைவிடக் கொஞ்சம் கூடுதல் பாரம். அதைத் தூக்க மனசில்லாதவர் தன்னை 'பாரம்பரியக் காவலர்' என்று இன்ஸ்டாகிராம் பயோவில் எழுதி வைத்திருக்கிறார்.

பெட்டியை விற்றபின் அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். பெட்டி இருக்கும்வரை பரணில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு மரியாதை இருக்கும். 'அப்பாவோட சாமான்' என்பார்கள். பெட்டி விலை போன மறுநாள் மிச்சமிருப்பது 'அடைசல்' ஆகிவிடுகிறது. விலையுள்ளதை ஆள் வந்து எடுத்துப் போயாயிற்று. வேண்டாம் என்று விட்டுப் போனது குப்பைதானே? விவரம் தெரிந்தவர் கொடுத்த தீர்ப்பு அது. அடுத்த போகிக்குள் பரண் காலி. சேகரிப்பவர் பிளேட்டைத் தொடவே இல்லை. ஆனால் அவர் வந்து போனதால்தான் அது அழிந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. சேகரிப்பாளர்களில் விவரமானவர்களுக்குத் தார்ன்டன் பிக்கார்ட் மாஞ்செஸ்டர்க்காரன் என்று தெரியும். டால்மேயர் லென்ஸுக்கும் ராஸ் லென்ஸுக்கும் வித்தியாசம் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நாற்பது வருசம் நின்ற மனிதரின் பெயர் தெரியாது. இங்கிலாந்துக் கம்பெனியின் தந்தத் தகட்டை விளக்கெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். பக்கவாட்டில் பெயின்டில் எழுதியிருந்த ஸ்டூடியோ பெயரைச் சுரண்டிவிட்டு பாலிஷ் போடுவார்கள். எழுத்து இருந்தால் 'லுக்' கெட்டுவிடுமாம்.

நம் பக்கத்திலேயே செய்த கேமராவுக்கும் இதே கதிதான். ஆலப்புழையில் இசைக்கருவிகள் செய்து பழுதுபார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த கருணாகரன், ஒரு ஸ்டூடியோ கேமராவின் கிழிந்த துருத்தியைச் சரிசெய்யப் போய், ஆர்மோனியத் துருத்தி செய்த கைப்பழக்கத்தில் முழுக் கேமராவையே செய்யத் தொடங்கினார். 1940களில் 'வாகீஸ்வரி' என்ற பெயரில் தேக்கில் செய்த அந்தக் கேமராக்கள் இந்தியா முழுக்கப் போயின. பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கோயம்புத்தூர்தானே. ஆனால் இங்கே 'வாகீஸ்வரி' என்றால் விலை குறைவு, 'அது லோக்கல் ஐட்டங்க' என்கிறார்கள். சரஸ்வதியின் பெயரைப் பித்தளையில் பொறித்தது கடைசி வரிசைக்குப் போகிறது. மாஞ்செஸ்டர் முன்வரிசைக்கு வருகிறது. இதுவா பாரம்பரியம்?

* * *

இந்தப் பெட்டி முதன்முதலில் நம் மலைகளுக்கு எதற்காக ஏறிவந்தது என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது. 1857 முதல் 1860 வரை மதராஸ் மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். மதுரையையும் தஞ்சாவூரையும் பெரும்பாலும் மெழுகூட்டிய காகித நெகட்டிவில் எடுத்தார். அவர் எடுத்தவை கோயில்களும் கோட்டைகளும். நீலகிரியில் கேமரா மனிதர்களின் பக்கம் திரும்பியது. ஜேம்ஸ் பிரீக்ஸ் என்ற நீலகிரி ஆட்சியாளர் தொகுத்து 1873இல் வெளியான நூலில் தோடர், கோத்தர், இருளர் எல்லோரும் படங்களாக வரிசையில் நிற்கிறார்கள். மதராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் கேமராவுமாக அலைந்து, 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்திய சாதிகளையும் பழங்குடிகளையும் அடுக்கினார். மூக்கை அளந்தார்கள், மண்டையை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். எதிரே நின்றவரிடம் 'எப்படி நிக்கட்டும்?' என்று கேட்க ஆள் இல்லை. அவர் காசும் கொடுக்கவில்லை, படமும் வாங்கவில்லை.

ஊர் ஸ்டூடியோவின் பிளேட் இதற்கு நேர் எதிரானது. இங்கே எதிரே உட்கார்ந்தவர்தான் முதலாளி. காசு கொடுத்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டார், கடிகாரம் தெரியும்படி கையை வைத்தார், மேசைமேல் புத்தகம் வேண்டும் என்றார், அச்சு பிடிக்கவில்லை என்றால் சண்டை போட்டார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகின. சுற்று வட்டாரக் காட்டிலும் தோட்டத்திலும் இருந்து ஆட்கள் டவுனுக்கு வந்தார்கள். கையில் முதன்முதலாக மாதச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறது. நண்பர்கள் இரண்டு பேர் தோளில் கைபோட்டு நிற்கிற படங்கள், புதுச் சைக்கிளோடு நிற்கிற படங்கள், புதுப் புடவையும் ரவிக்கையுமாகக் கல்யாணமாகி மூன்றாம் மாதம் எடுத்த படங்கள். இவர்கள் யாரும் வரலாற்றுப் புத்தகத்தில் இல்லை. நிலப் பத்திரத்தில்கூட இல்லை, ஏனென்றால் நிலம் இல்லை. பிளேட்டில் மட்டும் இருக்கிறார்கள்.

அப்புறம் எழவு போட்டோ. இன்றைய பிள்ளைகளுக்கு அது அருவருப்பாகப் படலாம். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நிற்க எடுக்கும் படம். போட்டோகிராபர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலோ மாட்டு வண்டியிலோ அந்த வீட்டுக்குப் போவார். எத்தனையோ குடும்பங்களில் ஆத்தாவுக்கோ அப்பாருக்கோ இருக்கும் ஒரே படம் அதுதான். உயிரோடு இருந்தவரை போட்டோ எடுக்கத் தோன்றவில்லை, வசதியில்லை, 'ஆயுசு குறையும்' என்ற பயம் வேறு. செத்த அன்றைக்குத்தான் முகத்தை விட்டுவிடக்கூடாது என்ற தவிப்பு வந்தது. நான் போன ஒரு ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கு, மூடிப் பல வருசம் கழித்தும் ஒரு கிழவி வந்து கேட்டாராம். "என்ற அம்மாவ எழவன்னிக்கு எடுத்தீங்கொ சாமி, அந்தப் படம் மழையில நனஞ்சு போச்சு. உங்ககிட்ட அச்சு இருக்குமுங்களா?" அதற்குள் பிளேட் சன்னலுக்குப் போய்விட்டிருந்தது.

இப்போது கணக்குப் பாருங்கள். ட்ரைப் எடுத்தவை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் குளிரூட்டிய அறையில் எண் போட்டு இருக்கின்றன. 2015இல் லண்டனில் அவருக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது. நம்மை அளப்பதற்காக எடுத்த படங்களும் பத்திரம். நாமே ஆசைப்பட்டு, நம் காசில், நம் இஷ்டப்படி எடுத்துக்கொண்ட படங்கள் மட்டும் சன்னல் கண்ணாடி. இந்த நியாயத்தை எனக்கு யாராவது விளக்கிச் சொல்லுங்கள்.

* * *

மறுப்புகள் வரும். எனக்குத் தெரிந்த மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது: 'நாங்க வாங்கலைன்னா அது அடுப்புக்குப் போயிருக்கும்.' இதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். விறகாகப் போக இருந்த பெட்டிகளைச் சிலர் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் காப்பாற்றுவது என்றால் எதுவரை? டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் 2019இல் திறந்த மியூசியோ கேமராவைப் பாருங்கள். அதை உருவாக்கிய ஆதித்ய ஆர்யா கேமராக்களைச் சேகரித்தவர்தான். ஆனால் அவரிடம் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. 1984இல் மறைந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் குல்வந்த் ராயின் நெகட்டிவ் பெட்டிகள். அவற்றைத் திறந்து, வரிசைப்படுத்தி, புத்தகமாகவும் கொண்டுவந்தார். சுதந்திரப் போராட்டக் காலத்தின் ஒரு பெரிய தொகுப்பு அப்படித்தான் பிழைத்தது. சேகரிப்பவருக்குப் பெட்டிமேல் ஆசை இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசை பெட்டியோடு நின்றுவிட்டால் அவருக்கு மரச்சாமான் வியாபாரி என்று பெயர்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: 'யாரோ ஒருத்தர் வீட்டுப் பொம்பளைங்க போட்டோவை நாங்க எப்படி வச்சுக்கறது? அது தப்பில்லையா?' நல்ல கேள்வி. நம் 1957 காப்புரிமைச் சட்டமே இதற்குப் பாதிப் பதில் வைத்திருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். ஸ்டூடியோக்காரர்கூட இல்லை. அப்படியிருக்க, பிளேட்டை வாங்கியவருக்கு அதில் இருக்கும் முகத்தின்மேல் என்ன உரிமை? ஆகவே 'விண்டேஜ் பியூட்டி' என்று தலைப்புப் போட்டுப் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை ரீல்ஸில் விடுவது அயோக்கியத்தனம். ஆனால் அதைச் செய்யாதே என்றால் கழுவிவிடு என்று அர்த்தமில்லை. பத்திரமாக வை, ஊர் பெயரையும் எண்ணையும் எழுதி வை, அந்தக் குடும்பம் தேடி வந்தால் முதல் பிரதியை அவர்களுக்குக் கொடு என்று அர்த்தம்.

மூன்றாவது: 'இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, எங்களுக்கு வசதி இல்லை.' அரசாங்கத்தை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊட்டிக்குப் போய்ப் பார்க்கலாம். 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் கொடுத்தது. இன்றைக்கு மூடிக் கிடக்கிறது. 1972 தொல்பொருள் சட்டத்தின்படி பொருளுக்கு நூறு வயது ஆனால்தான் தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு எழுபத்தைந்து போதும். ஆவணம் சீக்கிரம் அழியும், ஆகவே சீக்கிரம் கவனி என்கிற புத்தி சட்டம் எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது. பெட்டிக்கு நூறு வயது ஆயிற்றா என்று பார்க்கும் நம் சேகரிப்பாளர்களுக்கு அது இல்லை.

வசதி இல்லை என்பதை மட்டும் கோயம்புத்தூர்க்காரர்கள் சொல்லக்கூடாது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சினிமா காட்டியவர், 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டியது இந்த ஊரில்தான். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்த ஜி.டி. நாயுடு இந்த ஊர்க்காரர்தான். கார்களுக்கு இங்கே மியூசியம் இருக்கிறது. காட்டு மரங்களுக்கும் பூச்சிகளுக்கும் 1902இலிருந்தே காஸ் மியூசியம் இருக்கிறது. தெருவுக்கு ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிறது. இந்த ஊர் மனிதர்களின் முகங்களுக்கு மட்டும் ஒரு அறை இல்லை.

தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் செய்யும் காரியத்தை முறையாக எடுத்துச் செய்தது புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். ஜோயி ஹெட்லி என்ற ஆய்வாளர் வழிநடத்தினார். காசு வந்தது பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்திலிருந்து. அவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஆனால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தர்ஸ்டன் காலத்திலும் அவர்கள்தான் நம் முகத்தைச் சேகரித்தார்கள், இப்போதும் அவர்கள்தான் சேகரிக்க வேண்டியிருக்கிறது. நடுவில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

* * *

என்னிடமும் ஒரு ஹாஃப் பிளேட் கேமரா இருக்கிறது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு குடும்பத்தார் கொடுத்தது. அதோடு முந்நூற்றுச் சொச்சம் பிளேட், மூன்று ஸ்லைடு, ரீடச்சிங் மேசை, ஓரம் செல்லரித்த இரண்டு நோட்டு. எல்லாவற்றையும் சேர்த்துத் தருவதாக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன். நான் பாலிஷ் போடவில்லை. துருத்தியில் ஓட்டை இருக்கிறது, சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒட்டும் அந்த ஸ்டூடியோவின் கதையில் சேர்ந்ததுதான்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பளபளப்பாக இருப்பது வெறும் கண்ணாடிப் பக்கம், மங்கலாக இருப்பது படம் உள்ள பக்கம். மங்கலான பக்கத்தைத் துணியால் தொடவே கூடாது, தண்ணீரும் ஆகாது. தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டலாம், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாளில் மடித்து, நீளப் பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தி அடுக்க வேண்டும். படுக்கப் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாரத்தில் அடியில் இருப்பது உடையும். படமாக்க ஸ்கேனர்கூட வேண்டாம். டேப்லட்டில் வெள்ளைத் திரையை வைத்து, அதற்கு ஓரிரு அங்குலம் மேலே பிளேட்டைத் தாங்கி, ஸ்டாண்டில் மொபைலை மாட்டி எடுத்து, நிறத்தைத் திருப்பிப் போட்டால் முகம் வந்துவிடும். முதல்தடவை அப்படி ஒரு முகம் திரையில் எழுந்து வருவதைப் பார்த்தவர்களுக்குப் பெட்டியின் பித்தளை எல்லாம் அற்பமாகத் தெரியும்.

முக்கியமானது அந்த நோட்டு. பிளேட்டின் ஓரத்தில் கீறியிருக்கும் எண்ணுக்கு எதிரே நோட்டில் பெயர், ஊர், எத்தனை காப்பி, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று இருக்கும். நோட்டு இருந்தால் பிளேட்டில் இருப்பவர் ஒரு ஆள். நோட்டு போய்விட்டால் 'பழங்காலத் தமிழர்' என்ற மாதிரிச் சரக்கு. அதனால்தான் சொல்கிறேன், ஒரு ஸ்டூடியோவிலிருந்து ஒரே ஒரு பொருளைத்தான் எடுக்க முடியும் என்றால் நோட்டையும் அதன் பிளேட்டுகளையும் ஒரே பொருளாக எண்ணி எடுங்கள். பெட்டியை விட்டுவிட்டு வாருங்கள். அதற்கு ஆள் வருவார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் சில பேருக்கு ஃபிலிம் கேமராமேல் பிரியம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உக்கடம் பழைய சாமான் கடைகளில் நேரம் போவது தெரியாமல் சுற்றுகிறவர்கள் இருப்பீர்கள். மரக் கேமரா கண்ணில் பட்டால் விலை கேட்பதற்கு முன்பு எந்த ஊர் ஸ்டூடியோவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்ல மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். சொன்னால் அந்த ஊருக்குப் பஸ் ஏறுங்கள், கேமரா காசில் பஸ் டிக்கெட் நூறு வாங்கலாம். உங்கள் ஊரிலேயே மூடிய ஸ்டூடியோ ஒன்று நிச்சயம் இருக்கும். பெரியவர்களைக் கேட்டால் பெயரோடு சொல்வார்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "ஏனுங்க, பொட்டி வேண்டாமுங்க, பரண்மேல கண்ணாடி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆறேழு பேர் வந்து போன வாசலில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போகி வருவதற்குள் போங்கள்.